டிராம் பாதையில் கோலிவாத் தட்டு

அன்புள்ள மச்சான் தாசோஸுக்கு,

உன் அக்காள் புருஷன் ஆர்கிரிஸ் எழுதிக்கொள்வது. கடவுள் கிருபையால் இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. மெல்போர்னில் நீயும், தெஸ்பினாவும், பிள்ளைகளும், அந்தக் குரைக்கிற நாயும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது. கை கொஞ்சம் நீளம். நன்றி. மரியாதைக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு கேள்வி கேட்டாயே, "அக்காவை எடுத்தாச்சா இல்லையா அத்தான்?" என்று. அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்தாச்சா என்று கேட்பது மாதிரி! அப்புறம் லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். கட்டாகவில்லை, நான்தான் வைத்தேன். போனில் பதில் சொன்னால் கத்துவேன், கத்தினால் டாக்டர் கொடுத்த மாத்திரையை இரட்டிப்பாகப் போட வேண்டும், அதனால் எழுத்தில் கத்துகிறேன். உட்கார்ந்து படி.

நீ அந்த ஊருக்குப் போய் இருபத்தாறு வருஷம் ஆகிறது. அங்கே செத்தவனைப் புதைத்தால் புதைத்த இடத்திலேயே விட்டுவிடுவார்களாம், மேலே புல் முளைக்குமாம், கங்காரு மேயுமாம். இங்கே கிரேக்கத்தில் எப்படி என்று உனக்கு மறந்திருக்கும், நினைவுபடுத்துகிறேன். கல்லறை சொந்தமில்லை, வாடகை. மூன்று வருஷம் முடிந்ததும் நகராட்சியிலிருந்து ஓலை வரும். தோண்டு, எலும்பை எடு, ஒயினில் கழுவு, தகரப் பெட்டியில் போட்டுப் பேர் எழுதி எலும்பறை அலமாரியில் வை, அடுத்த பிணத்துக்கு இடத்தைக் காலி பண்ணு. தோண்டுகிறவன் யார்? அதே சாவாஸ்தான். உயிரோடுதான் இருக்கிறான், கடப்பாரையும் உயிரோடு இருக்கிறது. என் அப்பாவை எடுத்தபோது நீயும் பக்கத்தில் நின்றாய், ஞாபகம் இருக்கிறதா? கால் மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு அடுத்த குழிக்குப் போகிற அவசரத்தில் ஓங்கிப் போட்டான், சத்தம் கேட்டது, அப்பாவின் தாடை இரண்டாகப் போயிற்று. "ஒண்ணும் ஆகல, பெட்டிக்குள்ள எல்லாம் ஒண்ணுதான்" என்றான் படுபாவி. எனக்கு இன்றைக்கும் ரொட்டி கடிக்கும்போது அந்தச் சத்தம் கேட்கிறது. அந்தக் கடப்பாரை உன் அக்காள் எவாந்தியாமேல் படாது. அவ்வளவுதான் உன் கேள்விக்குப் பதில். ஆனால் இதற்குள் டிராம் ஒன்று வந்து புகுந்துவிட்டது, அதையும் சொல்லாவிட்டால் எனக்கு மாரடைப்பு வரும்.

ஊருக்கு டிராம் வரப்போகிறது என்று மேயர் பட்டாசு வெடித்ததை நீயும் செல்போனில் பார்த்திருப்பாய். ரயில் நிலையத்திலிருந்து துறைமுகம் வரை, நேராக நம் கடைத் தெரு வழியாக. கடைக்கு முன்னால் தகரத்தட்டி அடித்தார்கள். தட்டியில் மேயர் சிரிக்கிறார், கீழே "உங்களுக்காக மாறுகிறோம்" என்று எழுதியிருக்கிறது. எனக்காக மாறச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. போன வசந்த காலத்தில் தோண்ட ஆரம்பித்தார்கள். ஒரு ஆள் உயரம் போவதற்குள் எலும்பு. பழைய காலத்தில் நம் தெருதான் ஊருக்கு வெளியே போகிற சாலையாம், சாலையோரம் முழுக்க இடுகாடாம். உடனே வேலை நின்றது. தொல்பொருள்காரர்கள் வந்தார்கள், கூடாரம் போட்டார்கள், கயிறு கட்டினார்கள், சரியாக என் கடை வாசலுக்கு நேரே இறங்கி மண்ணைத் தேநீர்க் கரண்டியால் அள்ள ஆரம்பித்தார்கள். நான் விற்பது என்ன? பெண் மாப்பிள்ளை தலையில் வைக்கிற கல்யாண மணமுடியும் ஞானஸ்நான மெழுகுவத்தியும். யாராவது கல்யாண மணமுடிக் கடை வாசலில் இடுகாட்டைத் திறந்து வைப்பானா? இவர்கள் வைத்தார்கள்.

மே மாதம், கல்யாண சீசன். ஒரு பெண்ணும் அவள் தாயாரும் பள்ளத்தின் மேல் போட்ட பலகை வழியாகத் தடுமாறி வந்தார்கள். பெண் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்துவிட்டாள். தாயார் கீழே பார்த்தாள். கீழே ஒருத்தர் மல்லாந்து படுத்து எல்லாப் பல்லையும் காட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஐயோ மாதாவே! என்னய்யா இது?"

"அது பழசும்மா, ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷம். ஒண்ணும் பண்ணாது. உள்ள வாங்க, போர்சலின் பூ வச்சது புதுசா வந்திருக்கு."

"கல்யாணத்துக்கு முந்தி பொணத்து மேல தாண்டிட்டு வந்திருக்கா என் பொண்ணு! பலகை போட்டுட்டா தாண்டுனது இல்லைன்னு ஆயிடுமா?"

மூன்று தரம் துப்பினாள், தன் மார்பில் ஒரு தரம், மகள்மேல் ஒரு தரம், என் வாசற்படிமேல் ஒரு தரம். சிலுவை போட்டுக்கொண்டாள். மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக மேலத் தெரு புரோத்ரோமோஸ் கடைக்குப் போய்விட்டாள். அவன் விற்பது என்ன தெரியுமா, பிளாஸ்டிக் பூ, தகரக் கம்பி! மழையில் நனைந்தால் மணமகன் நெற்றியில் துரு வழியும். அந்த சீசன் முழுக்க என் மணப்பெண்கள் அவன் கடையில். அவன் எனக்கு ஈஸ்டர் வாழ்த்து அட்டை வேறு அனுப்பினான்.

இந்தத் தோண்டலுக்குத் தலைவி பெலாகியா என்று ஒரு அம்மாள். அம்பது வயது இருக்கும், ஆண்பிள்ளைக் கிராப்பு, காதில் பென்சில், வாயில் அணைந்துபோன சிகரெட், காலில் என் தாத்தா போர்முனையில் போட்டது மாதிரி பூட்ஸ். பேய் மாதிரி மண்ணுக்குள்ளேயே குடியிருப்பவள். திமிர் பிடித்தவள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பலகையில் நின்று கத்தினேன். "அம்மா! இன்னும் எத்தனை மாசம்? ரெண்டு கூடை மண்ணை அள்ளிப் போட்டுட்டுப் போக வேண்டியதுதானே!" என்றேன். அவள் தலையைக்கூடத் தூக்காமல் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றாள், பிள்ளை தூங்குகிற வீட்டில் சொல்வது மாதிரி. எட்டிப் பார்த்தேன். அன்றைக்குத்தான் அந்தப் பெண்மணி வெளிப்பட்டிருக்கிறாள். தலையில் கிரீடம் மாதிரி ஒரு முடி, களிமண் மணிகளுக்கு மேல் மெல்லிசாகப் பொன் பூசிய இலை முடி. அதைப் பெலாகியா மூங்கில் குச்சியால் சுரண்டுகிறாள், பூனைமயிர்த் தூரிகையால் தட்டுகிறாள், ரப்பர் குமிழால் ஊதுகிறாள். வெயில் படாமல் ஒருத்தி குடை பிடிக்கிறாள். நெற்றி எலும்பைத் துடைக்கும்போது இடது கையால் தலையைத் தாங்கிக்கொள்கிறாள், காய்ச்சல்காரிக்குத் தண்ணீர் கொடுப்பவள் தாங்குவது மாதிரி. நான் கத்த வந்ததை மறந்து அங்கேயே நின்றேன் மச்சான். ஊர் பேர் தெரியாத பெண்பிள்ளைக்குத் தூரிகை, என் எவாந்தியாவுக்குக் கடப்பாரையா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், செத்துப் போனவள்மேல் எனக்குப் பொறாமை வந்தது.

இலையுதிர் காலத்தில் ஓலை வந்தது. மூன்று வருஷம் முடிந்தது, வந்து எடுத்துக்கொள் என்று. தூக்கிக்கொண்டு நகராட்சிக்குப் போனேன். கீழ்த்தளம், இடுகாட்டுப் பிரிவு. கண்ணாடிக்குப் பின்னால் ஒருவன் பிஸ்கட் தின்கிறான்.

"தம்பி, இன்னும் கொஞ்ச காலம் விட்டு வைங்க. அவ யாருக்கும் தொந்தரவு பண்ணல."

"முடியாது ஐயா. வரிசையில ஆளு காத்திருக்கு."

"எந்த வரிசையில? செத்தவங்க வரிசையிலயா? அவங்களுக்கு என்ன அவசரம்?"

"அவசரம் அவங்களுக்கு இல்ல, அவங்க சொந்தக்காரங்களுக்கு. கையெழுத்துப் போடுங்க."

மாடியைப் பார்த்தேன். மாடியில் டிராம் பிரிவு, கதவில் பெரிதாக ஒட்டியிருக்கிறது: தலைநகரத்துக் குழு கையெழுத்திடும்வரை பாதையில் கிடைத்த எந்தச் சடலத்தையும் இடத்தைவிட்டு அசைக்கக் கூடாது. ஒரே கட்டடம் மச்சான்! ஒரே படிக்கட்டு! மாடியில் இருக்கிறவன் செத்தவளை அசைக்காதே என்கிறான், கீழே இருக்கிறவன் செத்தவளை அசைத்தே ஆக வேண்டும் என்கிறான். நடுப்படியில் நின்று கத்தினேன். "இங்க மரியாதையாப் படுத்திருக்கணும்னா எத்தனை வருஷம் செத்திருக்கணும்? யாராவது சொல்லுங்கடா!" என்றேன். காவலாளி என்னைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு, தன் மாமியாருக்கும் ஓலை வந்திருப்பதாகச் சொன்னான்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. சிரிக்காதே. பழைய பொருள் கிடைத்த இடத்தைத் தொடக் கூடாது என்பதுதானே சட்டம்? அப்படியானால் எவாந்தியாவின் கல்லறையிலும் பழைய பொருள் ஒன்று கிடைத்துவிட்டால்? மறுநாள் மத்தியானம் தோண்டுகிறவர்கள் சாப்பிடப் போன நேரம் ஏணியில் பள்ளத்துக்குள் இறங்கி, அந்தப் பொன்முடிப் பெண்மணியின் கால்மாட்டில் கிடந்த கறுப்புச் சட்டித் துண்டு ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உள்ளங்கை அளவுதான். வீட்டுக்கு வந்ததும் மனசு கேட்கவில்லை. செத்தவளோடு கிடந்த பொருள், அப்படியே அழுக்காக இன்னொருத்தி கல்லறையில் வைப்பதா? முறைப்படி சிவப்பு ஒயினில் நன்றாகக் கழுவினேன். அப்புறம் இடுகாட்டுக்குப் போய் எவாந்தியாவின் எண்ணெய் விளக்குக்குக் கீழே ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, நுனி மட்டும் தெரிகிற மாதிரி மண்ணை விலக்கிவிட்டு, தொல்பொருள் அலுவலகத்துக்கு வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு போன் பண்ணினேன்.

யார் வந்தது என்று நினைக்கிறாய்? அந்தப் பெலாகியாவேதான். நான் செவ்வந்திப் பூவோடு ஒன்றும் தெரியாதவன் மாதிரி நிற்கிறேன். குனிந்தாள், எடுத்தாள், திருப்பினாள், மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஆர்கிரிஸ் ஐயா, இது ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துச் சட்டி. இதுல எப்படி ஒயின் வாசம் வருது?"

"மழை பெஞ்சுதுல்ல, மண்ணு வாசமா இருக்கும்."

"ஒயின் மழையா? எந்த ஊர் ஒயின், நம்ம ஊர் கூட்டுறவுச் சங்கத்துதா?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன காரியம் பண்ணியிருக்கீங்க தெரியுமா? இது எங்க கிடந்துச்சு, யார் கால்மாட்டுல, எந்தப் பக்கமா சாஞ்சு கிடந்துச்சு, அதுதான் இதோட பேச்சே! இடத்தை விட்டு எடுத்துட்டா இது வெறும் ஓட்டாஞ்சில்லு. அந்தப் பொம்பளைக்குப் பேர்கூட இல்ல, இருந்ததே இந்தச் சட்டியும் அந்த முடியும்தான். அதையும் திருடிட்டீங்க!"

"அதைத்தானே நானும் சொல்றேன்!" என்று கத்தினேன், பக்கத்துக் கல்லறையில் அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டாள். "இடத்தை விட்டு எடுக்காதீங்கன்னு! உங்க ஆளுக்குக் குடை பிடிக்கிறீங்க, என் பெண்டாட்டிக்கு சாவாஸ் வருவான் கடப்பாரையோட! என் அப்பன் தாடையை உடைச்சவன் அவன்! காதால கேட்டேன் அந்தச் சத்தத்தை! அவ தாடையையும் உடைப்பான், நான் பக்கத்துல நின்னு பார்க்கணுமா?"

அவள் அணைந்த சிகரெட்டைப் பற்றவைத்தாள். போலீஸுக்குச் சொல்வாள் என்று நினைத்தேன், சொல்லவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறக்கி, எங்கே எடுத்தேனோ அங்கேயே என் கையாலேயே வைக்கச் சொன்னாள். "இன்னும் இடப்பக்கம். இன்னும் சாய்ச்சு" என்று என்னை அரை மணி நேரம் முட்டி போட வைத்தாள். என் முழங்கால் கெட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் ஆத்துமாக்கள் சனிக்கிழமை வந்தது. உனக்கு அதுவும் மறந்திருக்கும், அங்கே செத்தவர்களுக்கு என்ன செய்கிறீர்களோ. இங்கே வழக்கம்போல ஊரே கோதுமை அவித்துச் சர்க்கரையும் மாதுளை முத்தும் பாதாமும் போட்டு, மேலே வெள்ளைச் சர்க்கரையில் சிலுவை எழுதி, கோலிவாத் தட்டோடு இடுகாட்டுக்குப் போகிறது. வேலை செய்கிற எவனும் அன்று வேலைக்கு வர மாட்டான். தொல்பொருள்காரர்கள் எல்லாரும் அவரவர் செத்தவர்களிடம் போய்விட்டார்கள். நானும் எவாந்தியாவுக்கு விடியும் முன்னே எழுந்து கோலிவா செய்தேன், சிலுவை கொஞ்சம் கோணல், பரவாயில்லை. தட்டை எடுத்துக்கொண்டு, கடையில் மெழுகுவத்தி எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், பள்ளத்துக்குள் பொக்லைன் உறுமிக்கொண்டிருக்கிறது!

மேலே நின்றவன் லியாக்கோஸ். குத்தகைக் கம்பெனி இன்ஜினீயர், புதுப் பையன், வெள்ளைத் தலைக்கவசம், கூர்மூக்குச் செருப்பு, வாயைத் திறந்தால் மேயர் பெயர். யாரும் இல்லாத நாளாகப் பார்த்து வந்திருக்கிறான் எமகாதகன்.

"என்னய்யா பண்றீங்க? தலைநகரத்துல இருந்து இன்னும் கையெழுத்து வரலையே!"

"வந்தா வருது. ஈஸ்டருக்கு முன்னாடி தண்டவாளம் போடணும்னு மேயர் ஆர்டர். மண்ணோட சேர்த்து ஒரே வாளியில அள்ளிப் பெட்டியில போட்டுருவோம். கிடங்குல உட்கார்ந்து எண்ணிக்கட்டும் அந்தம்மா. கடை திறந்து வியாபாரம் பண்ணணும்னு நீங்கதானே கத்துனீங்க?"

உண்மைதான், கத்தியிருக்கிறேன். ரெண்டு கூடை மண்ணை அள்ளிப் போடு என்று நானேதான் சொன்னேன். ஆனால் அந்த வாளியின் பல்லைப் பார்த்தேன் மச்சான். சாவாஸின் கடப்பாரை அதற்கு முன்னால் ஊசி. எப்படி இறங்கினேன் என்று தெரியாது, இந்த முழங்காலோடு ஏணியில் இறங்கி, அந்தப் பெண்மணிக்கு மேலே மூடியிருந்த பலகையின்மேல் கோலிவாத் தட்டை வைத்துவிட்டேன். மெழுகுவத்தியை ஏற்றி நடுவில் குத்தினேன்.

பொக்லைன் ஓட்டுகிறவன் ஸ்தெர்யோஸ், மீன் சந்தை எலெங்கோவின் மகன். வாளியை அந்தரத்தில் நிறுத்தினான்.

"அண்ணே, தட்டை எடுங்கண்ணே."

"எடுக்க மாட்டேன். நீ ஓட்டு."

"ஓட்டுடா ஸ்தெர்யோஸ்!" என்று மேலேயிருந்து லியாக்கோஸ்.

"கோலிவா மேலயா சார்? சிலுவை மேலயா? இன்னிக்கு என்ன நாள்னு தெரியும்ல? சாயங்காலம் எங்கம்மா கேட்பா, எங்கடா போயிட்டு வந்தேன்னு. என்ன சொல்லச் சொல்றீங்க?" என்று இன்ஜினை அணைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான்.

லியாக்கோஸ் செருப்பில் சேறு படாமல் இறங்கி வந்து தட்டைத் தூக்கப் போனான். கையைப் பிடித்தேன். "தூக்கினா ஒரு பிடி சாப்பிடணும் தம்பி. சாப்பிட்டா, பேரைச் சொல்லி ஆண்டவர் மன்னிக்கட்டும்னு சொல்லணும். சொல்லு பார்ப்போம், இவ பேர் என்ன?"

"முப்பத்தொண்ணாம் நம்பர்" என்றான்.

"நம்பருக்கு யாருடா கோலிவா தின்பான்? நாளைக்கு உங்கம்மாவுக்கும் நம்பர் சொல்லித்தான் தின்பியா?"

அதற்குள் மேலே கூட்டம். இடுகாட்டுக்குத் தட்டோடு போகிற பெண்பிள்ளைகள் எல்லாம் தகரத்தட்டிக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். விஷயம் கேட்டதும் எலெங்கோ முதலில் தன் மகன் பெயர் சொல்லி ஒரு திட்டு திட்டினாள், அப்புறம் அவள் தட்டை இறக்கினாள், அப்புறம் இன்னொருத்தி, இன்னொருத்தி. பலகை நிரம்பிவிட்டது. போன மே மாதம் என் வாசற்படியில் துப்பினாளே, அந்தத் தாயாரும் தட்டு இறக்கினாள்! எல்லார் கையிலும் செல்போன், எல்லாச் செல்போனும் லியாக்கோஸ் முகத்தைப் பார்க்கிறது. கெர்மனோஸ் சாமி இடுகாட்டுக்குப் போகிறவர், அவரையும் அங்கியைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்கள்.

"ஏம்ப்பா ஆர்கிரிஸ், இந்தம்மா கிறிஸ்தவளா?"

"கிறிஸ்து பொறக்கிறதுக்கு முந்தியே போயிட்டா சாமி. அது அவ தப்பா?"

சாமி தாடியைத் தடவினார். மேலே எலெங்கோவைப் பார்த்தார், எலெங்கோ அவரைப் பார்த்தாள். ஜெபத்தை ஆரம்பித்தார். பேர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் வாயில் வேறு பேர் வரவில்லை மச்சான். எவாந்தியா என்றேன். ஊரே சேர்ந்து "எவாந்தியாவை ஆண்டவர் மன்னிக்கட்டும்" என்று சொல்லி ஒரு பிடி தின்றது. ஸ்தெர்யோஸ் இரண்டு பிடி தின்றான். யாரோ போன் பண்ணியதும், கறுப்பு உடையும் கையில் கோலிவாக் கரண்டியுமாகப் பெலாகியா ஓடி வந்தாள்; ஏணி உச்சியில் நின்று, வாளியையும் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, லியாக்கோஸிடம் அவள் பேசியதை, கடிதம் உன் பிள்ளைகள் கையில் கிடைக்கலாம் என்பதால், எழுதவில்லை.

இதோடு முடிந்தது, ஆர்கிரிஸ் பெரிய மனுஷன், ஊர் மெச்சியது என்றுதானே நினைக்கிறாய்? கேள்! தலைநகரத்துக் குழு காரில் வந்து இறங்கியது. பார்த்தார்கள், அளந்தார்கள், காபி குடித்தார்கள். தீர்ப்பு: பெண்மணி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், சுற்றிக் கண்ணாடி போடுவோம், தண்டவாளத்தை இரண்டு மீட்டர் தள்ளிப் போடுங்கள். எந்தப் பக்கம் தள்ளி? என் கடைப் பக்கம்! டிராம் இனி என் வாசற்படியை உரசிக்கொண்டு போகும். கண்ணாடி அலமாரியை உள்ளே இழுத்தாயிற்று, முன்வாசலை அடைத்தாயிற்று, மணப்பெண்கள் இனி பின்சந்தில் குப்பைத்தொட்டிகளைத் தாண்டித்தான் வர வேண்டும், வெள்ளை உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு! ரெண்டாயிரம் வருஷம் முந்தி செத்தவளுக்கு முன்வாசல், எனக்குப் பின்சந்து! யார் என்னைத் தட்டு வைக்கச் சொன்னது? இதைப் பெலாகியாவிடம் போய்க் கேட்டால், "இடம் மாறாம காப்பாத்திட்டோம் ஐயா, வாழ்த்துக்கள்!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்குகிறாள். கையை உதறிவிட்டு வந்துவிட்டேன். அந்தப் பொம்பளையின் முகத்தில் இனி நான் விழிக்க மாட்டேன். மண்ணைத் தின்று மண்ணையே பேசுகிற ஜென்மம். உயிரோடு இருக்கிறவன் அவள் கண்ணுக்குத் தெரியவே மாட்டான்.

ஆகவே மச்சான், நீ கேட்டதற்கு முடிவான பதில்: எடுக்கவில்லை, எடுக்க மாட்டேன், எவன் வந்தாலும் எடுக்க விட மாட்டேன். உன் அம்மா பக்கத்தில் அலமாரியில் வைக்க வேண்டும் என்று நீ ஆசைப்படுவது நியாயம்தான், ஆனால் அங்கே உட்கார்ந்துகொண்டு ஆசைப்படுவது சுலபம். சாவாஸ் கடப்பாரையோடு வந்தால் நான் கல்லறைமேல் தட்டோடு உட்கார்ந்துவிடுவேன், வேண்டுமானால் என்னையும் சேர்த்துத் தோண்டட்டும்.

தெஸ்பினாவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்குக் கண்ணேறு படாமல் என் சார்பாக மூன்று தரம் துப்பு, நாய்க்கு ஒரு தரம். மாதா உங்கள் எல்லாரையும் தன் போர்வைக்குள் வைத்துக் காக்கட்டும்.

கோபம் இன்னும் அடங்காத உன் அத்தான்,
ஆர்கிரிஸ்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து மெழுகுவத்திப் பெட்டிக்குக் கீழே வைத்தேன், தபால்தலை வாங்கப் போகச் சோம்பல், அப்படியே கிடந்துவிட்டது. அதற்குள் போன வாரம் பெலாகியா பின்சந்து வழியாகக் கடைக்குள் வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "திங்கக்கிழமை எனக்கு லீவு. உங்க மனைவியை நான் எடுக்கட்டுமா?" என்று கேட்டாள். வெளியே போ என்று கத்தினேன். போகவில்லை, அங்கேயே நின்றாள். திங்கட்கிழமை கடையைச் சாத்தினேன், வேறென்ன செய்வது. எடுத்தாயிற்று மச்சான். காலையில் ஆரம்பித்து மத்தியானம் தாண்டும்வரை முட்டி போட்டு மூங்கில் குச்சியாலும் தூரிகையாலும் எடுத்தாள், அதே பூனைமயிர்த் தூரிகை. குடையை நான் பிடித்தேன். சாவாஸ் கடப்பாரையை ஊன்றி நின்று, "இந்த வேகத்துல போனா நம்ம ஊர்ல ஒருத்தனும் சாக முடியாது" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான், யாரும் காதில் வாங்கவில்லை. தலையை எடுக்கும்போது இடது கையால் தாங்கிக்கொண்டாள். சுற்றித் துடைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "தாடை முழுசா இருக்கு ஐயா" என்றாள். நான் ஒரே ஒரு தரம், அதுவும் கத்தும்போது சொன்னது, அதை ஞாபகம் வைத்திருக்கிறாள்.

ஒயின் ஊற்றிக் கழுவினோம், கூட்டுறவுச் சங்கத்து ஒயின்தான். எவாந்தியா இப்போது உன் அம்மா பக்கத்தில் இருக்கிறாள். எங்கள் கல்யாண மணமுடி இரண்டையும் கட்டியிருந்த ரிப்பனை வெட்டி அவளுடையதை அடக்கத்தன்று சவப்பெட்டியில் அவள் தலைமாட்டில் வைத்து அனுப்பினேனே, அதுவும் கிடைத்தது. பூவெல்லாம் கரைந்துவிட்டது, கம்பியில் ஒரு பொட்டுத் துரு இல்லை, புரோத்ரோமோஸ் கடைக்குப் போனவர்கள் வந்து பார்க்கட்டும்! கடையிலிருந்து புது ரிப்பன் எடுத்து என் முடியோடு சேர்த்து மறுபடி கட்டி வைத்தேன். கட்டும்போது பெலாகியாதான் முடிச்சைப் பிடித்தாள். அதனால் மேலே அவளைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் நீயே மை வைத்து அடித்துவிடு. நான் அடித்தால் அடிக்கிற வேகத்தில் தாள் கிழிந்துவிடும். லியாக்கோஸைப் பற்றி எழுதியது அப்படியே இருக்கட்டும்.